கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவர்

2018 நவம்பர் 24, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். எடை 68.4. கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு குவளைத் தண்ணீர், துளசிக்கு அரைக் குவளை. பாலும் சீனியும் இல்லாமல் ஒரு கோப்பி ஓ. ஏழு மணிக்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் கங்கோங் கீரை இரண்டு கட்டும் கெம்பொங் மீன் அரைக் கிலோவும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மீனைச் சுத்தம் செய்து மனைவியிடம் கொடுத்தேன். எட்டரைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய பிக்கப்பை எடுத்து, மீட்டரைக் குறித்துக்கொண்டு, தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் ஜுருவுக்குக் கிளம்பினேன்.

போன காரியம் இது. ஜுருவில், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதமாகியிருந்தது. மாடி ஏற முடியாதவரைக் கீழேயே படுக்க வைக்க அவர் பட்டறையை அறையாக மாற்றப் போவதாக அவர் மனைவி வியாழக்கிழமை போன் செய்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தகடு அடிக்கிற சாமான்களில் எனக்கு வேண்டியதை முதலில் வந்து எடுத்துக்கொள்ளும்படியும், மீதியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். காசுப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் வீட்டுப் போர்ச்சில் அலுமினியத் தகட்டை அடித்து வளைத்துக் காவடிக் கூடுகள் செய்கிறேன். தீபாவளி முடிந்ததும் ஆர்டர் வரத் தொடங்கும். தைப்பூசம் வரை ஓய்வில்லை. இந்த வேலைக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று எனக்குத் தெரியாமலிருந்த காலத்தில், ஜுருவில் மோட்டார் காடிக்குப் பாடி தட்டி நெளிவு எடுக்கிற ஒருவர் இருக்கிறார், தகட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சொல்லித்தான் நான் இந்த அண்ணனிடம் போனேன். அப்போது எனக்கு நாற்பது வயது. அவருக்கு ஐம்பத்து மூன்று.

சிறிய உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைத்த ஒரு துணி. பேசி முடித்ததும் அந்தத் துணியால் கையைத் துடைப்பார், கை அழுக்காக இல்லாவிட்டாலும். சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார். கேட்காத எதையும் சொல்ல மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

முதல் தடவை பழைய மெஷின் விற்கிற ஒரு கிடங்குக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். தகடு மடிக்கிற மெஷின்கள் வரிசையாக நின்றன. இதில் எது நல்ல மெஷின் என்று கேட்டேன். ஒன்றைத் தொட்டுக் காட்டி, இது நல்லது என்றார். வாங்கினேன். லாரி வைத்து, பாலம் தாண்டி, ஆறு பேர் சேர்ந்து போர்ச்சில் இறக்கினோம். அதன் பிறகுதான் தெரிந்தது, அது தொழிற்சாலை மின்சாரத்தில் ஓடுகிற திரீ பேஸ் மெஷின். வீட்டு மின்சாரத்தில் ஓடாது. மறுநாள் ஜுருவுக்குப் போய் அவரிடம் சொன்னேன். பட்டறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள்.

"நல்லதான்னு கேட்ட. நல்லதுதான். வீட்டுல ஓடுமான்னு நீ கேக்கலையே, தம்பி."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

தகரக் கத்திரி வாங்கப் போனபோதும் அப்படித்தான். வளைவாக வெட்டும் கத்திரிகளில் சிவப்புப் பிடி போட்டது இடப்பக்கம் வளைத்து வெட்டும், பச்சைப் பிடி வலப்பக்கம். எனக்கு அது தெரியாது. நான் மூன்று அளவில் மூன்று சிவப்புக் கத்திரிகளைப் பொறுக்கியபோது கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கூடையை அவரேதான் கல்லாவில் வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பட்டறைப் பக்கம் எனக்குப் பேரே சிவப்புக் கத்திரி. "ஓய், செவப்புக் கத்திரி வந்துட்டாரு லா, வழி விடு, இடது பக்கமாத்தான் திரும்புவாரு" என்பான் எதிர்க் கடை டயர்க்காரன். நான் வலது பக்கம் திரும்பி நடந்தாலும் சிரித்தார்கள்.

அவரிடம் போவதை நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன பதில் ஒன்றுகூடத் தவறியதில்லை. வேறு இடத்தில் விசாரித்தால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். ஆகவே குறை என் கேள்வியில்தான் என்று எடுத்துக்கொண்டு, ஒரு தனி நோட்டுப் போட்டேன். வாங்கப் போகும் ஒவ்வொரு சாமானுக்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எண் போட்டு எடுத்துப் போவேன். குழாய் வளைக்கும் மெஷினுக்குப் பதினேழு கேள்வி. தகட்டில் வரி போடும் மெஷினுக்கு இருபத்தாறு. அவர் சலித்துக்கொண்டதே இல்லை. தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பதில் சொல்வார். தகட்டை வைத்துக் குழிக்கிற தோல் மணல் பைக்கு ஆற்று மணலா கடல் மணலா என்று கேட்டால் ஆற்று மணல் என்பார். ஏன் என்று கேட்டால்தான் கடல் மணலின் உப்பு தோலைத் தின்னும் என்பார். தகட்டை முதலில் மரச் சுத்தியலால் குழித்து, கடைசியில் இரும்புச் சுத்தியலால் மழமழப்பாக்க வேண்டும். அந்தக் கடைசிச் சுத்தியலின் முகத்தில் ஒரு கீறல் இருந்தால், அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறல் தகட்டில் பதியும். இதெல்லாம் நான் கேட்டு வாங்கியவை. இன்றைக்கும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறேன்.

ஒருமுறை நேராகவே கேட்டேன், ஏன் முன்னாலேயே சொல்வதில்லை என்று. அதுவும் கேள்வி என்பதால் பதில் வந்தது.

"பாக்கணும்ல. நீ எதுவரைக்கும் போறன்னு."

அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதையும் எழுதியாக வேண்டும். விருந்தாளிகளுக்கு முன்னால் அக்கா குழம்பு எப்படி என்று கேட்டால், நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்பார். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற சாலையில், விரதமிருந்து அலகு குத்தி நின்ற ஒருவர், வேறு யாரோ செய்து கொடுத்த காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது அண்ணே என்று ஆசையாகக் கேட்டார். இடது பக்கம் சாய்கிறது என்றார் இவர். காவடிக்காரர் முகம் மாறி, மேலே ஏறிவிடுவேன்தானே என்றார். "ஏற மாட்ட" என்று சொல்லிவிட்டு, அன்னதானப் பந்தலில் மோர் வாங்கப் போனார். அந்த ஆள் பாதிப் படியில் காவடியை இறக்கியதை நான் பார்த்தேன். குடும்பமே அவரைச் சுற்றி நின்று அழுதது. இவர் மோரைக் குடித்து முடித்துத் துணியை எடுத்தார். "முப்பது வருசமா இந்த மனுசன் வாயில ஒரு பொய் வந்து நான் பாக்கல, அதுதான் கஷ்டம்" என்று அக்கா என் மனைவியிடம் சொன்னார்.

அவர் சொந்தமென்று கொண்டாடியது ஒரு சுத்தியலை மட்டும்தான். லாரி அச்சு இரும்பில் அவரே செதுக்கியது. கொய்யாக் கட்டைப் பிடி. அதன் முகத்தைத் தினமும் காலையில் தோலில் பாலிஷ் தடவித் தேய்ப்பார். அதில் பார்த்து மீசையை ஒதுக்கலாம். தகட்டைக் கடைசியாக மழமழப்பாக்க மட்டும் அதை எடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. ஒரே ஒரு தடவை நான் கேட்டேன், பிடித்துப் பார்க்கலாமா என்று. கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். "என்னோடது" என்றார்.

இனி என் விரல்கள்.

கையால் இழுத்து வெட்டும் தகடு வெட்டி ஒன்று பழைய கிடங்கில் விலைக்கு வந்தது. ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் கத்தி இறங்கும். வெட்டாத நேரத்தில் கைப்பிடி மேலேயே நிற்க ஒரு கொக்கி உண்டு. நான் நாற்பத்தொரு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். கத்தி எந்த இரும்பு, எத்தனை மில்லிமீட்டர் வரை வெட்டும், இரண்டு கத்திகளுக்கும் இடைவெளி எவ்வளவு, வீட்டுப் போர்ச்சில் நிற்குமா, மின்சாரம் வேண்டுமா, எல்லாம் கேட்டேன். நாற்பத்தொன்றுக்கும் பதில் சொன்னார். வாங்கினேன். அதைப் போர்ச்சில் பொருத்திய அன்று பார்க்க வந்தார். மேசை ஓரத்தில் தேத்தண்ணீர்க் கிளாசை வைத்துவிட்டு நின்றார். நான் ஒரு தகட்டை வெட்டினேன். கைப்பிடியை மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டினேன். கத்திக்கு அடியில் கிடந்த துண்டுகளை இடது கையால் தள்ளப் போனேன். அப்போது அவர் தம் கிளாசை எடுத்து மேசைக்கு அப்பால் நகர்த்தி வைத்ததைப் பார்த்தேன். ஏன் நகர்த்துகிறார் என்று எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் கைப்பிடி விழுந்தது.

இடது கை நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போயின. அவர்தான் துணியால் கட்டி, காடியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கொக்கி தேய்ந்திருப்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அதே வெட்டியில் அவர் முன்பு எங்கோ வேலை செய்திருக்கிறார்.

"கத்தியப் பத்திப் பத்துக் கேள்வி கேட்ட. கொக்கி பிடிக்குமான்னு ஒண்ணும் கேக்கல."

என் மனைவி எழுந்து வெளியே போனாள். அவர் போன பிறகு வந்து வாழைப்பழத்தைச் சீப்போடு குப்பையில் போட்டாள்.

இதையும் சேர்த்து எழுதாவிட்டால் கணக்குச் சரியாக இருக்காது. கை ஆறும் வரை இரண்டு மாதம், எட்டுச் சனிக்கிழமைகள், அவர் மோட்டர் சைக்கிளில் பாலம் தாண்டி என் வீட்டுக்கு வந்தார். தகட்டின் இடப்பக்கத்தை என்னால் பிடிக்க முடியவில்லை, அவர் பிடித்தார். நான் வரச் சொல்லவில்லை. மழையில் நனைந்தும் வந்தார். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சாப்பிடாமல் போவார். அந்த வருடம் ஒப்புக்கொண்ட ஐந்து காவடிகளையும் கொடுத்து முடித்தேன். என் மனைவி ஒரு நாளும் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இவ்வளவும் மனதில் இருக்க, அந்தச் சனிக்கிழமை ஒன்பதே காலுக்கு ஜுருவில் அவர் வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்தினேன்.

பட்டறைக்கு நடுவில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. பேச்சு இல்லை. இடது கை மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் கிடந்தது. அக்கா முறையை விளக்கினார். சரி என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. டாக்டர் மூளை தெளிவாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்குக் கொடுக்க மனசில்லாதது ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள் என்றார்.

"கையில வச்சுத் தொட்டுப் பாக்க ஏதாச்சும் ஒண்ணு இருக்கட்டும் தம்பி. பாவம், வேற என்ன இருக்கு அவருக்கு."

சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்க உள்ளே போனார். எதை அவர் வைத்துக்கொள்ள விரும்புவார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு எல்லாச் சுத்தியலும் சுத்தியல்தான்.

முறையாகத் தொடங்கினேன். தகட்டுக்கு அடியில் கொடுக்கிற இரும்பு டோலிகள் ஒன்பது. ஒவ்வொன்றையும் அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்து, எடுத்துக்கொள்ளட்டுமா அண்ணே என்று கேட்டேன். ஒன்பதுக்கும் ஒரு தட்டு. மணல் பை இரண்டு, ஒரு தட்டு. மரச் சுத்தியல்கள், உருளைகள், வளைவு அளக்கும் அட்டைகள், ஒரு தட்டு. பச்சைப் பிடிக் கத்திரியைக் காட்டியபோது தட்டுவதற்கு முன் வாயின் இடது ஓரம் சற்று மேலே போனது. எடுத்து வைத்து, நோட்டில் எழுதினேன். இருபத்திரண்டு சாமான்கள். எதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பை மிச்சம் வைத்திருந்தார், ஒன்றுக்காக.

அது சுவரில் ஆணியில் தொங்கியது. ஏழு மாதமாக யாரும் தேய்க்காததால் முகம் லேசாக மங்கியிருந்தது. எடுத்தேன். அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை. அவர் முன்னால் கொண்டுவந்து பிடித்தேன். அவர் விரல்கள் தயாராக இரண்டு தட்டுக்கு உயர்ந்தன. எடுத்துக்கொள்ளட்டுமா என்று நான் கேட்கவில்லை.

"இது நல்ல சுத்தியலா, அண்ணே?"

உயர்ந்த விரல்கள் அப்படியே நின்றன. என்னைப் பார்த்தார். ஒரு தட்டு தட்டினால் நல்லது என்றாகும். நல்லதை நான் எடுத்துக்கொள்வேன். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பொய் சொல்ல வேண்டும். வேறு கேள்வி கேட்கும்படி சொல்ல அவரிடம் வாய் இல்லை. நான் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரம் தெரிகிற இடத்தில்தான் நின்றேன். நாற்பது வினாடி. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கவாதக்காரர்களுக்குச் சும்மாவும் வரும் என்பார்கள்.

ஒரு தடவை தட்டினார். கை அடங்கியது போலிருந்தது. பிறகு இன்னொரு தடவை தட்டினார்.

நல்ல சுத்தியல் இல்லை.

சரி அண்ணே என்று சொல்லி, அதை மறுபடி ஆணியில் மாட்டியிருக்கலாம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அது என்ன, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நல்லா இல்லைன்னு சொல்றாரு, அக்கா."

"அப்ப எதுக்கு? இரும்புக் கூடையில போடுங்க."

போட்டேன். கதவோரம் துருப்பிடித்த போல்ட்டுகளும் உடைந்த கிடுக்கிகளும் கிடந்த பிளாஸ்டிக் கூடை. அவர் தட்டத் தொடங்கினார். இரண்டு, இரண்டு, இரண்டு. பிறகு கணக்கில்லாமல். நாற்காலியின் தகடு கணகணவென்றது. அக்கா போய் அவர் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். களைப்பு வந்தால் இப்படித்தான் தட்டிக்கொண்டே இருப்பார், மதியம் கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார். அந்தப் பழைய இரும்புக் கூடையைப் போகிற வழியில் கடையில் போட்டுவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். தூக்குகிற அளவுக்குத்தான் இருக்கிறதா, கனமா என்று கேட்டார். கனமில்லை என்றேன். வேறெதுவும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

பிக்கப்பில் ஏற்றும்போது மழை தூறியது. நான் கூடையைக் கடைசியாகத்தான் எடுத்துப் போனேன், அவர் நாற்காலியைத் தாண்டி. அவர் கூடையைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்தார். குட்டையான இரண்டு விரல்களும் கூடையின் விளிம்பில் இருந்தன. தட்டுவதை நிறுத்திவிட்டார். போய் வருகிறேன் அண்ணே என்றேன். அதன் பிறகு நான் அவரைப் பார்த்தது மார்ச் மாதத்தில், பெட்டியில்.

பழைய இரும்புக் கடையில் கூடையைக் கொட்டினேன். சுத்தியலை முன்னரே எடுத்து இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். பன்னிரண்டே காலுக்கு வீடு. மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் படுத்தேன். பிறகு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, அலமாரியில் எண் ஒட்டி அடுக்கினேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று மனைவி கேட்டாள். தெளிவாக இருக்கிறார் என்றேன். நோட்டில் இருபத்து மூன்றாவது வரியில் எழுதினேன்: சுத்தியல், கொய்யாப் பிடி. நிலை: நன்றாக இல்லை. ஒன்பதரைக்குப் படுத்தேன். தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். எடை பார்க்கவில்லை. போர்ச்சு விளக்கைப் போட்டு, தோல் துண்டில் பாலிஷ் தடவி அந்தச் சுத்தியலின் முகத்தை இருபது நிமிடம் தேய்த்தேன். பிடியில் அவர் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் விரல் அதில் உட்காரவில்லை, சற்று மேலே பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை டோலி மேல் வைத்து முப்பது அடி அடித்தேன். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நோட்டைத் திறந்து, இருபத்து மூன்றாவது வரியில் கடைசி இரண்டு சொற்களை ஒரு கோட்டால் அடித்து, மிக நல்லது என்று திருத்தி, நேரத்தைக் குறித்தேன். 6.22.